பூரணியின் மஞ்சள் கால்கள்

1984ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து திருகோணமலைப் பட்டினத்தில் பூரணியின் கால்கள் அவள் இல்லாமலே நடந்து திரிந்தன. அவள் திருக்கடலூரில் தன் குசினிக்குள் இருந்து சூடை மீன் கழுவிக்கொண்டிருப்பாள். கால்கள் டொக்யார்ட் வீதியில் போய்க்கொண்டிருக்கும். தார் ரோட்டில் பெயின்ற்றால் கீறிய மஞ்சள் கால்கள்தான், ஆனாலும் நடந்தன. காலையில் மூதூர் லோஞ்சுப் படகு வந்து கட்டும் துறையடியில் நிற்பவை, சோடி சோடியாகப் புறப்பட்டு, பொழுதுபடும்போது பூரணியின் வாசலுக்கு வந்து சேரும். முதலில் சனம் ஒதுங்கி நின்று பார்த்தது. பிறகு சைக்கிள்காரர் மணியடித்து விலத்திப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பாணுக்கு விடியவே பேக்கரி வரிசையில் நிற்கிற ஊர், வாயைப் பிளந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்கும்?

அந்தக் கால்களை ரோட்டில் கீறியவர் பூரணியின் புருஷன் இரத்தினசிங்கம். பட்டினத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வீதிகளுக்கு வெள்ளைக்கோடு போடுவது அவருடைய உத்தியோகம். எண்பத்திமூன்று கலவரத்துக்கு முந்தின வருஷம், உல்லாசப் பயணிகளுக்குப் பொறுப்பாக இருந்த சிவகுருநாதன் ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. பறங்கியும் ஒல்லாந்தரும் இங்கிலிசுக்காரரும் விட்டுப்போன கோட்டை, சவக்காலை, சுவர், பண்டகசாலை எல்லாவற்றையும் வெள்ளைக்காரர் தாங்களே நடந்து பார்க்கவேண்டும். வழிகாட்டி வேண்டாம், ஏனென்றால் வழிகாட்டிகள் அவர்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போவதற்கு முதல் தங்கள் மச்சான்மாரின் கடைக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். ஆகவே ரோட்டில் கால்களைக் கீறிவிட்டால், வந்தவர் அதன்மேல் கால் வைத்து நடப்பார், கோட்டை வாசலில் தொடங்கித் துறையடியில் முடிப்பார், லோஞ்சைப் பார்த்துச் சந்தோசப்படுவார். எந்தக் காலைக் கீறுவது என்று ஐயா சொல்லவில்லை. இரத்தினசிங்கம் பூரணியை ஒரு கடதாசி மட்டையில் ஏறி நிற்கச் சொல்லி, சுற்றிவரப் பென்சிலால் கீறி வெட்டினார். வெள்ளைக்காரருக்குச் சப்பாத்துக் காலல்லவா வேண்டும் என்று ஐயா கேட்டபோது பாதி ரோடு முடிந்திருந்தது.

அதைவிடப் பெரிய பிழை வேறொன்று. எங்கள் பக்கத்தில் வாசலில் மாவால் கால் கீறுகிறவர்கள் உள்ளே வருகிற மாதிரித்தான் கீறுவார்கள். வெளியே போகிற மாதிரிக் கீறினால் வீட்டில் உள்ளதெல்லாம் அந்தக் காலோடு போய்விடும் என்பது பால்குடியும் அறிந்த விஷயம். இரத்தினசிங்கத்துக்குக் கை வரவில்லை. ஊரை விட்டுக் கடலைப் பார்த்துப் போகிற கால்களைத் தன் கையால் எப்படிக் கீறுவது? அவர் துறையடியில் தொடங்கினார். மணிக்கூட்டுக் கோபுரத்தையும் வெள்ளைக்காரரின் பழைய சவக்காலையையும் தாண்டி, கோட்டை வாசல்வரை எல்லாக் கால்களையும் ஊருக்குள் வருகிற மாதிரியே கீறினார். அங்கே வந்து பார்த்தால் தகரத்தில் பெயின்ற் மிச்சம். வந்த காலை நடுத்தெருவில் நிறுத்தவும் மனமில்லை. பக்கத்தில் அவருக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான் இருந்தது, அது அவருடையது.

முதல் வந்த ஜேர்மன்காரத் தம்பதி சவக்காலையைப் பார்த்தார்கள், கோட்டை வாசலைப் பார்த்தார்கள், கடைசியாகப் பூரணியின் குசினிக்குள் வந்து நின்றார்கள். அவள் இரண்டு கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொடுத்தாள். ஒல்லாந்தர் கட்டிய அடுப்பு என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்கள் அடுப்பைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கால்களை அழித்துத் திருப்பிக் கீறச் சொல்லி ஐயா கட்டளை போட்டார். அதற்குள் ஆடிக் கலவரம் வந்துவிட்டது. வெள்ளைக்காரர் வராமல் விட்டார்கள். ஏழு மாதம் ரோட்டில் சும்மா கிடந்த கால்கள், எட்டாம் மாதம் தாங்களே நடக்கத் தொடங்கின.

பார்க்கவேண்டிய இடங்களில் நின்று நின்றுதான் போயின. ஊரடங்கு நேரத்திலும் போயின. ஆமிக்காரரின் காவல் சென்றியில் நின்ற பெடியன் ஒருவன் பயத்தில் ஒருநாள் ஒரு காலைச் சுட்டுவிட்டான். பூரணி ஒரு மாதம் நொண்டினாள். பிறகு அவர்களும் பேசாமல் விட்டார்கள். அடையாள அட்டை காட்டவோ கையை உயர்த்தவோ காலுக்கு ஏலாதே. மத்தியானத்தில் பூரணியின் உள்ளங்கால் தார்ச்சூட்டில் எரியும். கோட்டை வாசல் கல்லை மிதிக்கும்போது குளிரும். கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று குறுக்கே போனால் அதன் குளம்பு பெருவிரலில் இலேசாகத் தட்டும். வீட்டு வாசலைத் தாண்டாமலே பட்டினத்தில் என்ன நடக்கிறது என்று அறிந்த ஒரே பெண் அவள்தான்.

1985 வைகாசியில் இரத்தினசிங்கம் கந்தளாய் ரோட்டுச் சந்தியில் சனம் ரோட்டைக் கடக்க மஞ்சள் கடவை போட்டுக்கொண்டிருந்தார். வாகனம் ஒன்று வந்து நின்றது. அவரை ஏற்றிக்கொண்டு போனது. யார் என்று தெரியாது. சந்தியில் நின்ற எல்லாரும் அந்தக் கணத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கடவையும், வாய் மூடாத பெயின்ற் தகரமும், அதன்மேல் குறுக்கே வைத்த தூரிகையுமாக இடம் கிடந்தது. பூரணி போகாத பொலிஸ், முகாம் வாசல் இல்லை. எல்லா வாசலிலும் இங்கே இல்லை என்றார்கள். அவள் தகரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து, கால்கள் எப்படியும் அவரைக் கண்டு கூட்டிவரும் என்று நம்பி, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கால்கள் ஆட்களைக் கூட்டிவரத்தான் செய்தன. பிடித்துப்போய் எங்கெங்கோ வைத்திருக்கப்பட்டு, கண்ணைக் கட்டிக் கடற்கரையில் இறக்கிவிடப்பட்டவர்கள், திசை தெரியாமல் நின்று, மஞ்சள் கால்களைக் கண்டு பின்னால் நடந்தார்கள். அவர்களை எந்தச் சென்றியும் மறிக்கவில்லை. கிண்ணியா ஸைனுலாப்தீன் வந்தார்; வெருகல் பக்கத்துக் கமக்காரர் இரண்டுபேர் வந்தார்கள்; தன் பெயரையே மறந்த ஒருவர் வந்து, தேத்தண்ணி குடித்தபிறகு பெயர் நினைவு வந்து சொன்னார். ஒவ்வொரு பொழுதுபடுகையிலும் கதவு தட்டப்படும். பூரணி ஓடிப்போய்த் திறப்பாள். வேறொரு முகம் நிற்கும். அவள் தேத்தண்ணி ஊற்றினாள், பஸ் எங்கே பிடிப்பது என்று சொன்னாள். ஆனால் சொல்லவும் கூசும் உண்மை என்னவென்றால், வந்த ஒவ்வொருவர்மீதும் அவளுக்குக் கோபமாக இருந்தது. அவர்களுடைய மனைவிமார் எங்கோ நேர்த்தி வைத்துக் காத்திருப்பார்கள் என்று நினைத்து அந்தக் கோபத்தை விழுங்கினாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனபிறகு, பக்கத்து வீட்டு நபீஸாவிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

“இந்தக் கால் ஊரில உள்ள எல்லாரையும் கூட்டி வருது. என்ர மனிசனை மட்டும் கூட்டி வரேல்லை.”

நபீஸா பிறந்தது மூதூரில். எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவள். “அது கீறின வழியால மட்டும்தானே அக்கா வரும்,” என்றாள். “அவரைக் கொண்டு போன பக்கம் கால் இல்லையே.”

பூரணி அன்றைக்கே தகரத்தை எடுத்து, இறுகிக் கிடந்த பெயின்ற்றை மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்தாள். பட்டப்பகலில், தெருவே பார்த்திருக்க, இரண்டு காலையும் அதில் தோய்த்தாள். எதிர்வீட்டுக் குணேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்தாள்; வெளியே போகிற காலை வாசலில் வைக்காதே, வீட்டில் இருக்கிற லட்சுமியும் போய்விடுவாள் என்று கெஞ்சினாள்.

“போகட்டும் குணேசு,” என்றாள் பூரணி. “அவர் இல்லாத வீட்டில அவவுக்கு என்ன வேலை?”

அவள் படி இறங்கினாள். தெருவில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருத்தி அழுதாள். கோட்டை வாசலடியில் அவளுடைய பழைய கால்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். கந்தளாய் ரோட்டுச் சந்தியில், பாதியில் நின்ற கடவையின் விளிம்பில், பெயின்ற் தீர்ந்தது. அவள் வெறுங்காலோடு வீட்டுக்குத் திரும்பினாள். புதுக் கால்கள் நிற்கவில்லை.

அந்த மாரி முழுக்கப் பூரணி உள்ளங்காலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தாள். அரிசி புடைக்கும்போது கந்தளாய்க் குளக்கட்டின் ஈரம் ஏறியது. தலை வாரும்போது அறுத்த கரும்பின் கட்டை குத்தியது. பிறகு காடு; சருகும் முள்ளும், யானை போன தடத்தில் தேங்கிய தண்ணீரும். ஒருநாள் சீமெந்துத் தரை, நெடுநேரம். அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. அடுத்தநாள் காலுக்குக் கீழே குளிர்ந்த மண். புதிதாக வெட்டி மூடிய மண்போல இளகியிருந்தது. கால்கள் அதில் நெடுநேரம் நின்றன. பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டு தானும் நின்றாள். பிறகு கால்கள் திரும்பி நடந்தன.

தைப்பொங்கல் கழிந்து ஒரு பின்னேரம் இரத்தினசிங்கம் வந்தார். மெலிந்திருந்தார், சேட்டில் பழைய மஞ்சள் பெயின்ற் பொட்டுகள் அப்படியே இருந்தன. படலையைத் திறந்துகொண்டு வந்து, எப்போதும் இருக்கிற கதிரையில் இருந்தார்.

“நீ வெளியால கால் வைப்பாய் எண்டு நான் நினைக்கேல்லை,” என்றார்.

“வைக்காட்டி நீங்கள் எப்பிடி வாறது?” என்றாள் பூரணி.

அப்போதுதான் அவருடைய கால்களைப் பார்த்தாள். அவை தரையில் படவில்லை. நிலத்துக்கும் குதிக்கும் இடையில் ஓர் எறும்பு போகலாம். கால் தரையில் படாதவர்கள் யார் என்பது அவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அவள் குசினிக்குள் போய், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, அடுப்படியில் இருந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவினாள். கேத்தலைத் தூக்கி வைத்தாள். சீனி எவ்வளவு போடவேண்டும் என்பதை அவள் மறந்திருக்கவில்லை.

கந்தோர் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஈரப் பெயின்ற்றில் நடந்தாலும் தடம் பதியாத ஆள் அவர்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை. சண்டை நின்றது, மறுபடி தொடங்கியது. தொண்ணூறில் ஊர் எரிந்து, சனம் கலைந்து, ஒரு பகுதி திரும்பி வந்தது. கால்கள் கூட்டிவருகிறவர்களுக்குப் பஸ் பிடிக்கும் இடத்தை இப்போது இரத்தினசிங்கம் சொன்னார். லட்சுமி போனதாகத் தெரியவில்லை என்று குணேஸ்வரியே ஒத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஊர்க் கணக்கைப் பார்க்கிற அரசாங்க விதானையார் வீடு வீடாக வந்து ஆட்களை எண்ணினார். பூரணியின் வீட்டில் எத்தனைபேர் என்று கேட்டார். இரண்டு என்றாள். அவர் கதிரையில் இருந்தவரைப் பார்த்தார்; காலைப் பார்த்தார்; கொஞ்சநேரம் பேனையின் மூடியைக் கடித்தார். இந்த வீட்டில் காணாமல் போனவர் யாரும் உண்டோ என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“இல்லை,” என்றாள் பூரணி. “எல்லாரும் வீட்டில இருக்கினம்.”

விதானையார் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.