சாப்பிடப் போயிருக்கும் யூதர்கள்

"கோவையில் யூதர் வாழ்ந்த இடங்கள்: ஒரு நாள் சுற்றுலா" என்று ஓர் அறிவிப்பு வெளிவந்ததற்குக் காரணம், சுற்றுலாக் கம்பெனி முதலாளி சென்னகிருஷ்ணன் கொச்சிக் கம்பெனி ஒன்றின் இணையப் பக்கத்தை அப்படியே எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியதுதான். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தார்கள். எலியாஸ் வந்துவிட்டார். எர்ணாகுளத்தில் பிறந்து இஸ்ரேலுக்குப் போன யூதர், வயது எண்பது. மலையாள வாடையோடு தமிழ் பேசினார்.

"பெரியவரு மனசு குளுந்து நல்லபடியா எழுதிக் குடுக்கோணும் அம்மணி. இல்லீன்னா நாளைல இருந்து நீ வர வேண்டாம்," என்றார் முதலாளி.

தேஜா வழிகாட்டியாகச் சேர்ந்து பதினோரு நாளே ஆகியிருந்தது. அவளுக்குத் தெரிந்து இந்த ஊரில் யூதர் ஒருவர்கூட இல்லை.

கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மானிடம் கேட்டுப் பார்த்தாள். வெயிலில் வந்து நிற்கும் பெரியவரிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இருக்காங்களே! எதுத்த ஊடுதானுங்க."

எதிர்வீடு பூட்டியிருந்தது.

எலியாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பின்னே, அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"என்னாகுமுங்க? நல்லாத்தான் இருக்காங்க. துணி பாக்க சோமனூர் போயிருக்காங்க. நீங்க மொதல்ல டீ குடிங்க."

எலியாஸ் டீயை வைத்துவிட்டு எழுந்தார். "மோளே, பதினாலு ஊர்ல இந்த மாதிரி சுத்திப் பார்த்திருக்கேன். எங்க ஆளுங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா எல்லாரும் குரலைத் தாழ்த்துவாங்க. துணி பார்க்கப் போயிருக்காங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. வண்டியை எடு!"

சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருக்கும் வேங்கடசாமி, விருந்தாளிக்காக அத்தனை தறிகளையும் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா! இப்பத்தானுங்க கெளம்புனாங்க. காரமடையில எங்க பங்காளி ஊட்டுக் கல்யாணம். பந்திக்குப் போயிட்டாங்க."

"எத்தனை பேர்?"

"பத்துப் பேரு இருக்குமுங்க."

எலியாஸின் கண்கள் விரிந்தன. பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் தங்கள் கூட்டு ஜெபம் நடக்கும் என்றார். வேங்கடசாமி உடனே போனை எடுத்து, "மாப்ள, பத்து எலை புடிச்சு வை," என்றார்.

காரமடை மண்டபத்தில் பந்தியின் கடைசியில் பத்து நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கைக்குட்டை. பத்து இலையிலும் பாயசம் வரை பரிமாறியாயிற்று. ஒருவரும் வரவில்லை.

"கை கழுவப் போயிருக்காங்க கண்ணு, வந்துருவாங்க," என்று சொல்லிவிட்டு, கல்யாணப் பெண்ணின் அத்தை புவனா ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு நின்றாள்.

பதினோராவது இலையில் உட்கார்ந்திருந்த எலியாஸ், கை கழுவும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தேஜாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும்.

"அய்யா, யாரும் வரமாட்டாங்க. இந்த ஊர்ல யாருமே இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சு எப்பவுமே இருந்ததில்லீங்க."

எலியாஸ் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டார்.

"மெல்லப் பேசு மோளே. அந்த அம்மா காதுல விழுந்தா வருத்தப்படுவாங்க."

சாயங்காலம் அவரை விடுதியில் இறக்கிவிட்டு, வேலை போன முகத்தோடு தேஜா வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே முதலாளியின் போன் வந்துவிட்டது.

"அம்மணி, அந்தப் பெரியவரு நாளைக்கும் பதிவு செஞ்சுபோட்டாரு! இன்னைக்கு அவங்களைக் கொஞ்சத்துல தவற உட்டுட்டாராமா. நீ என்ன பண்றே, நாளைக்கு வெள்ளனே கெளம்பு. அவங்க வெளிய போறதுக்குள்ள புடிச்சுரோணும்."