மூடுபனியில் கழுவிய தட்டுகள்

எல்லாருக்கும் வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? மூட்டு வலி, இருமல், பிள்ளைகளின் பரீட்சைக் கவலை எல்லாம் கொஞ்சம் அடங்கியிருக்கிறதா? இங்கே லீமாவில் குளிர்காலம். வெயில் முகம் காட்டி வாரக்கணக்காகிறது. துவைத்துப் போட்ட துணி காயவே மாட்டேன் என்கிறது. இந்த ஈரத்தைத் திட்டாத ஒரே ஆள் எங்கள் ஆல்ட்டோ மிராதோர் மேட்டில் நேலிதாதான். அவள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நேலிதா திரைச்சீலை தைப்பவள். மேட்டின் தண்ணீர்க் குழுவுக்குத் தலைவியும் அவளே. தண்ணீர்க் குழு என்று பெயர்தான் பெரிது, மேட்டில் குழாயே கிடையாது. லாரி வந்து வாசலில் இருக்கும் டிரம்மில் ஊற்றிவிட்டுப் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் கடலிலிருந்து பனி மட்டும் கேட்காமலே ஏறி வருகிறதே, அதைப் பிடித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைப் பொதுவேலையில் எல்லாரையும் கூட்டி, மேட்டின் உச்சியில் இரண்டு மரக்கம்பங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு வலையைக் கட்டினாள். வலையில் பனி மோதும், துளியாகும், கீழே பிளந்து வைத்த குழாயில் வழிந்து தொட்டிக்குப் போகும். அவ்வளவுதான் வித்தை. ஊர் அதற்கு "மலைக்குப் போட்ட திரைச்சீலை" என்று பெயர் வைத்தது.

அந்தத் திரைச்சீலைக்கு ஒரு எதிரி இருந்தது. தெர்மோகோல் தட்டு. யார் வீட்டில் ஆபரேஷன், யார் வீட்டில் கூரை போயிற்று என்றாலும் எங்கள் ஆட்கள் உடனே ஒரு போயாதா வைப்பார்கள். முன்கூட்டியே சீட்டு விற்று, மிளகாய் விழுதில் ஊறவைத்த கோழியைப் பொரித்து, உருளைக்கிழங்கோடு தட்டில் வைத்துக் கொடுத்து, பியரும் பாட்டுமாகப் பொழுதைக் கழித்துப் பணம் சேர்க்கும் ஏற்பாடு அது. மறுநாள் பார்த்தால் தட்டெல்லாம் காற்றில் பறந்து மேலே போய் வலையில் அப்பிக்கொண்டிருக்கும். பனியைக் கொண்டுவரும் அதே காற்றுதான் தட்டையும் கொண்டுபோனது. ஒவ்வொரு போயாதாவுக்கும் பிறகு நேலிதா ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாகப் பிய்ப்பாள். வலை கிழிந்த இடத்தைத் தைப்பாள்.

இரண்டாவது வலைக்காக ஒரு போயாதா வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, கூட்டத்தில் அவள் எழுந்தாள்.

"இந்தத் தடவை தெர்மோகோல் வேண்டாம். அவங்கவங்க தட்ட அவங்கவங்க வீட்லேர்ந்து கொண்டு வாங்க."

கடைக்காரர் எலெயுத்தேரியோ சிரித்தார். தெர்மோகோல் தட்டு விற்பதும் அவர்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "கொண்டு வரலாம் வெசினா. கழுவறது எதுல? லாரித் தண்ணிய குடிக்கவே நாங்க அளந்து ஊத்துறோம்." வெசினா என்றால் பக்கத்து வீட்டுக்காரி. இந்த மேட்டில் எல்லாப் பெண்ணும் எல்லாருக்கும் வெசினாதான்.

"மேல தொட்டி நெறைய இருக்கே, தோன் எலெயுத்தேரியோ." தோன் என்பது பெரியவர்களுக்குப் பெயரின் முன்னால் வைக்கும் மரியாதை.

"திரைச்சீலை புழிஞ்ச தண்ணியா? அது ஒரு கோழிக்கு வாய் கொப்பளிக்கக் காணாது."

கூட்டம் சிரித்தது. நேலிதாவின் சினேகிதி செனோபியா மட்டும் சிரிக்கவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் சமைப்பவள் அவள். இரண்டாவது வலை வந்தால் அங்கே ஒரு குழாய் இழுக்கலாம் என்று நேலிதா வாக்குக் கொடுத்திருந்தாள்.

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். போயாதாத் தட்டு அத்தனையையும் தொட்டித் தண்ணீரிலேயே கழுவி முடித்தால், வரும் பணம் வலைக்கு. நடுவில் லாரித் தண்ணீரைத் தொட்டால், பணம் விளையாட்டுத் திடலின் கூரைக்கு. திடலுக்குக் கூரை வேண்டும் என்பது எலெயுத்தேரியோவின் நெடுநாள் ஆசை. கைகள் உயர்ந்தன. நேலிதாவும் உயர்த்தினாள்.

"ஏன் கொமாத்ரே இப்படி மாட்டிக்கிட்ட?" என்றாள் செனோபியா, இறங்கி வரும்போது. நேலிதாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள், அதனால் அந்த உறவுமுறை.

"மாட்டிக்கல. தொட்டி விளிம்பு வரைக்கும் நெறஞ்சிருக்கு, போய்ப் பாரு."

போயாதா நாள் வந்தது. தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, திடலின் ஓரத்தில் ஒரு பைப் வைத்திருந்தாள் நேலிதா. சாப்பிட்டவர்கள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் திட்டம். கோழி பொரிந்தது, பாட்டு அலறியது, ஆட்கள் பையிலிருந்து தட்டை எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் வேடிக்கை.

எல்லார் கையிலும் ஒரே தட்டு.

போன தேர்தலில் ஒரு வேட்பாளர் வீடு வீடாக வந்து கொடுத்துவிட்டுப் போன தட்டு அது. வெள்ளைத் தட்டு. நடுவில் மீசையோடு அவர் சிரிப்பார். விளிம்பைச் சுற்றி நீல எழுத்தில் 'உங்கள் மேட்டுக்குத் தண்ணீர் என் பொறுப்பு' என்று இருக்கும். ஜெயித்தவர் அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கூட்டத்துக்கு நடுவில் யாராவது நல்ல தட்டைக் கொண்டுவருவார்களா? உடைந்தால் யார் பொறுப்பு? ஆளாளுக்கு அப்படி யோசித்து, ஆளாளுக்கு அந்தத் தட்டையே கொண்டுவந்திருந்தார்கள். நேலிதாவின் பையிலும் அதேதான்.

"இவரு மூஞ்சி மேல கோழி வெச்சாத்தான் எனக்குப் பசிக்குது," என்றாள் செனோபியா, தட்டை நீட்டியபடி.

சாப்பாடு நன்றாகவே போயிற்று. சிக்கல் பைப்பில் வந்தது. ஒவ்வொருவரும் தன் தட்டை ஒரு தடவை கழுவி, மோந்து பார்த்து, இன்னொரு தடவை கழுவினார். பேசிக்கொண்டே கழுவினார்கள், பைப்பை மூட மறந்தார்கள். நேலிதா மேலே ஓடித் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பாதிக்கும் கீழே. இன்னும் பாதிப் பேர் சாப்பிடவே இல்லை. வலை போயிற்று, செனோபியாவின் குழாய் போயிற்று, இனி காலமெல்லாம் ஏணியில் ஏறித் தெர்மோகோல் பிய்க்க வேண்டியதுதான்.

இறங்கி வந்தால் பைப்படியில் சண்டை.

"இது என் தட்டு. மூக்குல கீறல் இருக்கு பாரு."

"எல்லார் தட்டுலயும் அவரு மூக்குல கீறல்தான். கத்தி போடுற எடம் அது."

"அப்போ என்னோடது எங்க? அடுத்தவங்க தின்ன தட்ட நான் வீட்டுக்குக் கொண்டுபோறதா?"

எலெயுத்தேரியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கடையத் தொறக்கவா வெசினா? தெர்மோகோல் இருக்கு. ஊருக்காக வெலையக் கொறைக்கிறேன்."

நேலிதா அவருக்குப் பின்னால் வட்டமாக நின்று பியர் குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கப்படி ஒரு வட்டத்துக்கு ஒரு பாட்டில், ஒரே ஒரு கிளாஸ். குடித்தவர் அடி நுரையைத் தரையில் உதறிவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அவள் போய்ப் பைப்பை இறுக மூடினாள்.

"தோன் எலெயுத்தேரியோ, கையில என்ன?"

"கிளாஸ்."

"யாரோடது?"

"யாரோடதுமில்ல. எல்லாருக்கும் பொது."

"அத்தனை பேரு எச்சில் ஒரே கிளாஸ்ல, கழுவாமலே. கழுவின தட்டு மட்டும் என்னோடது உன்னோடதா?" கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இந்த மூஞ்சியில எது யாருதுன்னு உங்களாலயே சொல்ல முடியல. அப்புறம் எதுக்குத் தேடுறீங்க? எல்லாத்தையும் இங்க போடுங்க. இனிமே இது மேட்டோட தட்டு. கழுவினது எதுவோ அத எடுத்துச் சாப்பிடுங்க."

முணுமுணுப்பு எழுந்தது. மூக்குக் கீறல் பெண்மணிதான் முதலில் தன் தட்டைப் போட்டாள். "போகட்டும், அந்தாள் மூஞ்சிய வீட்ல வெச்சு என்ன பண்ணப் போறேன்."

அதற்கப்புறம் நேலிதாவின் கை வேலையைப் பார்க்க வேண்டும். சமையற்கூடத்திலிருந்து மூன்று பெரிய தொட்டிப் பாத்திரங்களை வரவழைத்தாள். தட்டின் எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைக்க வேண்டும். துடைத்த தாள் கோழி அடுப்புக்கே எரிக்கப் போகும். முதல் பாத்திரத்தில் சோப்பு, அடுத்ததில் அலசல், கடைசியில் இன்னொரு அலசல். சோப்புத் தண்ணீர் கறுத்ததும் அதை மட்டும் கொட்டிவிட்டு, நடுப் பாத்திரத்தை முதலாவதாக நகர்த்தி, கடைசியை நடுவில் வைத்து, புதுத் தண்ணீரைக் கடைசியில் மட்டும் ஊற்றினாள். பைப்பின் பக்கம் யாரையும் விடவில்லை. செனோபியா துடைத்து அடுக்கினாள். தட்டு வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. மிச்சப் பாதிப் பேரும் சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு.

கடைசித் தட்டு கழுவி முடிந்ததும் எல்லாரும் மேலே ஏறினார்கள். தொட்டிக்குள் கையை விட்டது எலெயுத்தேரியோவேதான். முழங்கை வரை நனைந்து வந்தது. சட்டைக் கை சொட்டச் சொட்ட நின்றார்.

"இருக்கு," என்றார்.

"சத்தமா சொல்லுங்க தோன், பின்னாடி கேக்கல," என்றாள் செனோபியா.

"இருக்குன்னு சொன்னேனே. கூரைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு நேலிதாவிடம் கேட்டார்: "பேத்திக்குப் பதினஞ்சு வயசு விழா வருது வெசினா. இந்தத் தட்டுங்க கெடைக்குமா?"

"கெடைக்கும். எண்ணெயத் தொடச்சுத் திருப்பிக் கொடுக்கணும்."

யாரும் தட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சமையற்கூடத்து அலமாரியில் அடுக்கினார்கள். இப்போது கல்யாணம், ஞானஸ்நானம், இழவு எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் போகிறது. எதிர் மேட்டுக்காரர்களும் வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள். தண்ணீர் தருவதாக விளிம்பைச் சுற்றி ஓடும் அந்த நீல எழுத்தை நேலிதா அழிக்க விடவில்லை. யார் தண்ணீரில் இது கழுவப்படுகிறது என்று கழுவுகிறவர்களுக்குத் தெரியும், அது போதும் என்பாள்.

போயாதாவுக்கு மறுநாள் காலை வழக்கம்போல ஏணியைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போனாள். பனி கைக்கெட்டும் தூரத்தில் ஏறி வந்துகொண்டிருந்தது. வலையில் பிய்த்தெடுக்க ஒன்றுமே இல்லை. துளிகள் மட்டும் வரிசையாகத் தொங்கி, ஒவ்வொன்றாகக் குழாயில் விழுந்துகொண்டிருந்தன. ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டாவது வலைக்குக் கம்பம் நடும் இடத்தைக் காலால் கீறி அடையாளம் வைத்தாள்.

உங்கள் ஊர் விருந்துகளில் தட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? எதையாவது வீசாமல் இருக்கப் போய் யாரிடமாவது கிண்டல் வாங்கியதுண்டா? ஜெயித்தீர்களோ தோற்றீர்களோ, எனக்கு எழுதுங்கள். சுருக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். நேலிதாவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.