உப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

இந்திஸாரின் மகன் மைத்தம் ஆறாம் வகுப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வீடு திரும்பி ஏழு வருஷமாகிறது. இன்னும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. படிக்கு வெளியே நிற்கிறான், கால் கடுத்தால் உட்காருகிறான், கொடுத்ததைச் சாப்பிடுகிறான். அன்றைக்கு நனைந்த சட்டை இன்றைக்கும் சொட்டிக்கொண்டிருக்கிறது. பஸ்ராவில், ஷத் நதிக்கரையை ஒட்டிய அந்தச் சந்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் கொஞ்சம் திகைப்பார்கள். அப்புறம் அவர்களும் குப்பை வண்டி போய்விட்டதா என்று அவனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிகிற மாதம், மற்ற வீடுகளைப் போலத்தான் இந்திஸாரின் வீட்டிலும் இடுப்பொடிய ஓடியது. புருஷன் ஜப்பார் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவான், அந்த ஒரு நாளையும் தூங்கிக் கழிப்பான். மின்சாரம் போகும், தெரு ஜெனரேட்டர் உறுமும், அதுவும் நின்றுபோகும். முதல் வகுப்பிலிருந்த சின்னவள் பனீனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தர வேண்டும், மைத்தமை அரசுப் பரீட்சைக்கு அடித்துப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். இதற்கு நடுவில் பாடப்புத்தகங்கள் வேறு. அவை சர்க்கார் சொத்து. வருஷக் கடைசியில் கிழிசல் ஒட்டி, கிறுக்கலை அழித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் ரிசல்ட் கையில் கிடைக்கும். இந்திஸார் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைத்தம் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு மன்னரைக்கூட விட்டுவைக்கவில்லை, எல்லோருக்கும் மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டிருந்தான்.

“ராஜாவுக்கு எதுக்குடா கண்ணாடி?”

“கண்ணு தெரியாமதானேம்மா நாட்டக் கோட்ட விட்டாரு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் படிக்க மாட்டான் என்று ரப்பரை எடுத்து அவன் மேல் எறிந்தாள். வெற்றி என்று அர்த்தம் வரும் பெயர் அவளுக்கு. சண்டை நடந்த வருஷங்களில் பிறந்த பெண்களுக்கு ஊரெல்லாம் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். அவர்களில் யாரும் எதையும் ஜெயித்ததாகக் கேள்வியில்லை.

தண்ணீர்க் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மேலே ஆற்றில் நீர் குறைந்து போனதால் கீழேயிருந்து கடல் ஏறி வந்துவிட்டது. குழாயைத் திறந்தால் உப்பு. சோப்பு நுரைக்காது, செடி பட்டுப்போகும், எருமைகளுக்குக் கண் போயிற்று, பூனைகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். குடிக்கிற தண்ணீரை லாரியில் கொண்டுவந்து விற்பார்கள். அந்த வாரம் நல்ல தண்ணீர் கேட்டு இளைஞர்கள் டயர் எரித்துச் சாலையை மறித்தார்கள், அதில் நல்ல தண்ணீர் லாரியும் மாட்டிக்கொண்டது. கடைசிப் பரீட்சையன்று காலையில் இந்திஸார் வீட்டில் குடிக்கத் தகுந்ததாக இருந்தது குளிர்பெட்டியில் ஒரு ஜாடி மட்டும்தான்.

வெளியே கிளம்புகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரை வீசி ஊற்றுவது அங்கே எல்லாத் தாய்மாரும் செய்வது. ஊற்றினால் போன கால் திரும்பி வரும். இந்திஸாரும் ஒரு நாள் தவறாமல் ஊற்றியவள்தான். அன்றைக்கு மைத்தம் வெள்ளைச் சட்டையும் நனையாத தலைமுடியுமாக அறிவியல் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். அவள் ஜாடியை எடுத்தாள். வெயிலில் வெந்து வருவானே, வந்ததும் குளிரக் குளிரக் குடிக்கட்டும் என்று தோன்றியது. மண்ணில் ஊற்றுவதற்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்றும் தோன்றியது. ஜாடியை உள்ளே வைத்துவிட்டு, குழாயில் ஒரு கிண்ணம் பிடித்து அவன் பின்னால் வீசினாள். அவன் சந்து முனை திரும்புவதற்குள் அது காய்ந்துவிட்டது. படியின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு நின்றது.

பரீட்சை முடிந்ததும் பையன்கள் ஷத்துக்குக் குளிக்கப் போனார்கள். வருஷா வருஷம் போகிறார்கள், வருஷா வருஷம் தாய்மார் போகாதே என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜவாதும் மைத்தமும் பழைய படகின் முதுகிலிருந்து சேர்ந்து குதித்தார்கள். ஜவாத் மேலே வந்தான். மைத்தம் வரவில்லை. ஜவாத் அழுதுகொண்டே வீடு வரைக்கும் ஓடி, தன் தாயை இழுத்துக்கொண்டு இந்திஸாரின் வாசலுக்குச் சொல்ல வந்தபோது, மைத்தம் அவர்களுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து நீர் வழிந்தது. புத்தகம் கக்கத்திலேயே இருந்தது.

“தண்ணி குடும்மா” என்றான்.

இந்திஸார் ஜாடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாசலிலேயே வாங்கிக் குடித்தான். உள்ளே வாடா என்றதற்கு ஒரு காலைத் தூக்கினான். கோட்டுக்கு மேலே அது நின்றுவிட்டது. மறுபடி தூக்கினான், மறுபடி நின்றது. “வர மாட்டேங்குதும்மா” என்றான், செருப்பு வார் அறுந்ததைச் சொல்வது போல.

மூத்த பிள்ளையின் பெயருக்கு முன்னால் உம்மு சேர்த்துத் தாயைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். உம்மு ஜவாத் குனிந்து கோட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவளுக்கு வாய் நீளம், சந்தே அறிந்த விஷயம். “என்ன தண்ணிய ஊத்தின, உம்மு மைத்தம்?”

“குழாய்த் தண்ணி.”

“உப்ப ஊத்தி யாராவது புள்ளய அனுப்புவாங்களா?”

“நல்ல தண்ணிய அவன் குடிக்கன்னு வெச்சிருந்தேன்” என்றாள் இந்திஸார்.

உம்மு ஜவாத் தன் மகனின் பிடரியைப் பற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று காலை ஜவாதின் பின்னால் அவள் ஊற்றியது கடைசிக் கிண்ணம் நல்ல தண்ணீர். தேநீருக்கு இல்லாமல் போயிற்றே என்று மத்தியானம் வரை புலம்பிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

செய்யாத வேலையில்லை. லாரி வந்ததும் முழு லாரித் தண்ணீரையும் படியில் கொட்டிக் கழுவினார்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்திருந்தது, காய்ந்ததும் பழையபடி வந்தது. படியை உளியால் கொத்தி எடுத்தார்கள், அடியிலிருந்த மண்ணில் கோடு கிடந்தது. ஜப்பார் லீவு போட்டுவிட்டு வந்து, மகனை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி உள்ளே நடந்தான். உள்ளே போய்ப் பார்த்தால் மார்பில் ஈரம் மட்டும் இருந்தது. மைத்தம் வெளியே நின்று, “நான் இங்க இருக்கேன்ப்பா” என்றான். சமையலறைச் சுவரை இடித்துப் புதிதாக ஒரு வழி வைத்தார்கள். அவன் சுற்றிக்கொண்டு வந்து காலெடுத்து வைப்பதற்குள் புதுச் செங்கலில் உப்புப் பூத்தது. ஒரு சையிதை அழைத்து வந்தார்கள். அவர் நெடுநேரம் ஓதினார், தேநீர் குடித்தார், “கூப்பிட்டது நீ, வந்தது அவன், நடுவுல நான் என்னம்மா பண்றது?” என்று சொல்லிவிட்டுப் போனார். ஜப்பார் மறுபடி லாரியில் ஏறினான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வருவது இன்னும் குறைந்தது. வரும்போது மகனுக்கு வாழைப்பழம் வாங்கி வருவான், அதை நீட்டும்போது மகன் முகத்தைப் பார்க்க மாட்டான்.

சர்க்காருக்கும் தலைவலிதான். ஜவாத் சொன்னதை வைத்து ஆற்றுப் போலீஸ் வலை போட்டுத் தேடியது. பையன் வீட்டு வாசலில் இருக்கிறான் என்று தெரிந்ததும், தேடிய செலவுக்கு என்ன எழுதுவது என்று சண்டை பிடித்தது. செத்தவனாகவும் எழுத முடியாது, வீட்டிலிருப்பவனாகவும் எழுத முடியாது என்று பதிவு அலுவலகத்தில் கைவிரித்தார்கள். ரேஷன் கடைக்காரர் மட்டும், வாசல் வரை வந்தவனுக்கு வாசல் வரை ரேஷன் உண்டு என்று அவன் பங்கு அரிசியையும் எண்ணெயையும் தானே சுமந்து வந்து படிக்கு வெளியே வைத்தார், இன்றும் வைக்கிறார். பள்ளிக்கூடம் அப்படி இளகவில்லை. அறிவியல் புத்தகம் வராமல் ரிசல்ட் கிடையாது என்றது. மைத்தம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினான். தலைமையாசிரியர் அதைக் கொடியில் போட்டுப் பார்த்தார், மின்விசிறிக்கு அடியில் வைத்துப் பார்த்தார், அது காயவில்லை. கடைசியில் ஒரு எனாமல் தட்டில் வைத்தார். தட்டு நிறைந்தால் காவலாளி கொண்டுபோய்க் கொட்டுவான்.

மைத்தம் பாஸ். எண்பதுக்கு மேல். இந்திஸார் வழக்கப்படி மிட்டாய் வாங்கி அவன் தலைமேல் வாரி இறைத்தாள். கோட்டுக்கு உள்ளே விழுந்தவற்றை அவனால் எடுக்க முடியவில்லை, பனீன் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் இந்திஸார் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள், சந்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை.

வருஷங்கள் போயின. ஜவாதுக்கு மீசை முளைத்தது. ரிப்பேர் கடை வேலைக்குப் போய்வரும் வழியில் படியில் உட்கார்ந்து மைத்தமிடம் கால்பந்து பேசுவான். மைத்தமுக்கு முளைக்கவில்லை. பனீன் வளர்ந்து அவன் தோளுக்கு வந்தாள், பிறகு காதுக்கு வந்தாள். அவன் காலடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சந்துப் பூனைகள் வந்து நக்கிக் குடிக்கும், குருவிகள் இறங்கும். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இனிமேல் உன்னை உம்மு பனீன் என்று கூப்பிடட்டுமா, மனசுக்கு லேசாக இருக்குமே என்று யாரோ கேட்டதற்கு இந்திஸார், “வாசல்ல நிக்கிறவன் காதுல விழும், மெதுவா பேசு” என்றாள்.

அவள் மறுபடி யார் பின்னாலும் தண்ணீர் ஊற்றவில்லை. உப்போ நல்லதோ, எந்தத் தண்ணீரையும் நம்பவில்லை. பனீனைத் தானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவாள், மணி அடிக்கும்வரை வெயிலில் கேட்டருகே நிற்பாள், தானே கூட்டி வருவாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். ஆனால் பனீன் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். அரசுப் பரீட்சைக்கு வேறு பள்ளிக்கூடம், ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போவார்கள், தாய்மார் வரக் கூடாது என்று உத்தரவு. இடையில் பாலம், பாலத்துக்குக் கீழே ஷத்.

முதல் பரீட்சையன்று காலையில் பனீன் சீருடையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். செருப்பு இல்லை. இந்திஸார் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, செருப்பு எங்க?”

“இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் எழுதிக்கலாம்.”

“அடுத்த வருஷம் மட்டும் ஆறு வத்திப்போயிடுமா?”

இந்திஸார் திரும்பவில்லை. பனீனுக்குத் தாயின் வாய் வாய்க்கவில்லை, பக்கத்து வீட்டு உம்மு ஜவாதின் வாய் வாய்த்திருந்தது. “நான் பெயிலானா அழமாட்ட. அவன் பாஸானதுக்கு அழுத. நானும் வாசல்லயே நின்னுடுவேன்னுதானே பயம்?”

“ஆமாண்டி” என்றாள் இந்திஸார். “அந்தப் படி ரெண்டு பேருக்குப் பத்தாது.”

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். உம்மு ஜவாத் தன் வாசலிலிருந்து, போறியா இல்லையா என்று கேட்டாள். அப்போது மைத்தம் குரல் கொடுத்தான். அவன் அதிகம் பேசுகிறவனில்லை; இத்தனை வருஷத்தில் தாயிடம் தண்ணீரும் சாப்பாடும்தான் கேட்டிருக்கிறான். “அம்மா, செருப்பு மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. நீ ஒளிச்சத நான் பாத்தேன். அவள விடு.”

பனீன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். கோட்டைத் தாண்டினாள், அண்ணனைத் தாண்டினாள். இந்திஸார் வாசல்வரை வந்தாள், வெறுங்கையோடு. கை தன்னால் கிண்ணத்தைத் தேடியது, அவள் அதை அபாயா மேலங்கிக்குள் அடக்கிக்கொண்டாள். பனீன் சந்தில் பாதி தூரம் போனபோது, மைத்தம் தன் சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பிழிந்தான். ஒரு கிண்ணம் அளவுக்குத் தண்ணீர் மண்ணில் விழுந்து அவள் போன வழியே ஓடியது.

இந்திஸார் முழங்காலிட்டு, விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. நல்ல தண்ணீர். லாரித் தண்ணீரைவிட நல்ல தண்ணீர். பூனைகளுக்கு எப்போதோ தெரிந்ததை அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அது காய்ந்த பிறகும் மண்ணில் வெள்ளை தட்டவில்லை.

அன்று அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. மகனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. அவளது கறுப்பு அபாயாவின் ஓரம் அவன் ஈரத்தில் ஊறிக் கனத்தது. மத்தியானம் பனீன் சந்து முனையில் தெரிந்தாள். நேரே நடந்து வந்து, கோட்டைத் தாண்டி உள்ளே போய், பையை எறிந்துவிட்டு என்ன சாப்பாடு என்று கத்தினாள். அவளுடைய செருப்பு வாசலுக்கு உள்ளே கிடந்தது. மைத்தம் அதைப் பார்த்தபடி நின்றான்.

மறு பரீட்சைக்கு உம்மு ஜவாத் தன் கடைக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு. மைத்தம் பிழிந்தான். அதற்கடுத்த நாள் பக்கத்துச் சந்திலிருந்தும் வந்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் முடிகிற மாதத்தில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் காலையில் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள், மைத்தம் ஒவ்வொருவர் பின்னாலும் சட்டையைப் பிழிகிறான். பரீட்சை முடிந்து பையன்கள் ஷத்துக்குக் குளிக்கத்தான் போகிறார்கள், தாய்மார் போகாதே என்கிறார்கள், அதெல்லாம் மாறவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

கடைசிப் பரீட்சையன்று இந்திஸார் ஸுபூர் மீனுக்குள் புளியும் வெங்காயமும் அடைத்துச் சுடுவாள். மைத்தமுக்குப் பிடிக்கும், முள்தான் அதிகம். அவள் வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஈரத் தலையோடு சந்துக்குள் நுழைந்து அவரவர் வீட்டுக்குள் போவார்கள். கதவுகள் சாத்திக்கொள்ளும்.

“எல்லாரும் வந்துட்டாங்களாம்மா?” என்று மைத்தம் கேட்பான்.

“வந்துட்டாங்கப்பா” என்று சொல்லி, அவள் தட்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்துவாள்.