யாரும் பேசாத ஒரு நிமிஷம்

பெற்ற பிள்ளை மைக்கை நீட்டினால் எந்தத் தாய்தான் உஷாராக இருப்பாள்? ஞானம்மாளும் இருக்கவில்லை.

மகன் பிரசன்னா ரேடியோக்காரன். ஒரு வாரம், ஏழு டாக்குமெண்டரி, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு. திங்கட்கிழமை காணாமல்போன ஏரிகள், செவ்வாய் எமர்ஜென்சி, புதன் கம்பெனி நாடகம், வியாழன் மொழிவாரி மாநிலம். சந்தாபுரா வீட்டில் ஞானம்மாளும் பக்கத்து போர்ஷன் கேரலும் ஒன்றுவிடாமல் கேட்டார்கள். புரிந்ததோ இல்லையோ, கடைசியில் ‘தயாரிப்பு: பிரசன்னா’ என்று வந்ததும் கேரல் கை தட்டுவாள். தட்டமாட்டாளா பின்னே? அவன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன சட்டையெல்லாம் அவள் தையல் மெஷினில் தைத்ததுதானே.

வெள்ளிக்கிழமை தங்கவயல். அதுதான் இருவருக்கும் சொந்த ஊர், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லைன் வீடு. சுரங்கம் மூடுவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்த ஸ்டிரைக்கில், முன்னே நின்றவர்கள் பெயரை யாரோ ஆபீசில் கொடுத்துவிட, கேரலின் புருஷன் டேரிலுக்கு வேலை போனது. எந்தப் பாவி கொடுத்தான் என்று கேட்டுக் கேட்டே மனுஷன் கண்ணை மூடினார். கொடுத்தவர் ஞானம்மாளின் புருஷன் ஜெயராமன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். விஷயம் தெரிந்தவள் ஞானம்மாள் ஒருத்திதான்.

போன மாதம் பிரசன்னா வந்து அம்மாவைப் பேட்டி எடுத்தான். ஷிப்ட்டுச் சங்கு, குழாயடிச் சண்டை, கிறிஸ்துமஸ் கேக் எல்லாம் சொன்னாள். முடிந்ததும், “ரூம் சத்தம் மட்டும் ஒரு நிமிஷம் வேணும்மா. எடிட்டிங்ல ஒட்டுப் போட. யாரும் பேசக் கூடாது” என்றான்.

அந்த ஒரு நிமிஷம்தான் அவளைக் கவிழ்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேரலின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின், நாலு தையலுக்கு ஒரு தரம் டொக் என்று அடிக்கும். வாயை மூடிக்கொண்டு அதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க அவளால் ஆகவில்லை. அழுதாள். அத்தனை வருஷம் அடைத்து வைத்ததை மகனிடம் கொட்டிவிட்டாள்.

“இது ரேடியோல வந்துடாதுல்ல?”

“சேச்சே! இந்த ஒரு நிமிஷத்த யாரும்மா யூஸ் பண்ணுவாங்க? இது உனக்கும் எனக்கும்தான்.”

வெள்ளிக்கிழமை கேரல் தட்டு நிறைய கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் கொண்டுவந்தாள். சங்கு பற்றி ஞானம்மாள் பேசியது வந்தபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ என்றான் பிரசன்னா. கட்டைக்குரல் ஒன்று பேசியது.

“எங்க வூட்டுக்காருதான் பேரு குடுத்தாரு. வேல போனவங்க வூட்டுக்கு நானே போயி ஆறுதல் சொன்னேன்...”

ஞானம்மாள் கையிலிருந்த கல்கலைத் தட்டிலேயே போட்டாள். அடப்பாவி! குரலை மாற்றியிருந்தான். அவளுக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை.

“ஐயோ, யாரு ஞானம் இது? நம்ம லைன் ஆளா?” என்று கேரல் ரேடியோவின் பக்கம் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். கட்டைக்குரலுக்குப் பின்னால் டொக். கொஞ்சம் விட்டு, இன்னொரு டொக்.

“இது என் மெஷினு” என்றாள் கேரல்.

ஞானம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லன்னு சொல்லு ஞானம். நீ சொன்னா நம்புறேன்.”

ஞானம்மாள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். கேரல் தன் சாவிக்கொத்திலிருந்து ஞானம்மாள் வீட்டுச் சாவியைக் கழற்றினாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இத்தனை வருஷமாக அவளிடம் இருந்த சாவி. ரேடியோவின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். ‘தயாரிப்பு: பிரசன்னா’ என்று வந்தபோது கை தட்ட ஆளில்லை.

உடனே போன் அடித்தது.

“கேட்டியாம்மா? எல்லாரும் அந்த இடத்தத்தான் சொல்றாங்க! ஞாயித்துக்கிழம காலைல மறுபடி போடப்போறாங்க.”

“எனக்கும் உனக்கும்தான்னு சொன்னியேடா.”

“பேரே போடலியேம்மா. வாய்ஸ் கூட மாத்திட்டேன். யாருக்கும் தெரியாது.”

“என் குரல மாத்துனே, சரி. கேரலோட மெஷின ஏண்டா விட்டே?”

அவன் நிஜமாகவே யோசித்தான்.

“எந்த மெஷின்மா?” என்றான்.