நான்காவது குழாய்

1
இந்தக் கதை ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் உயிரோடு இருக்கிறார், அதனால் பெயரை மாற்றி வெங்கடநாராயணன் என்று வைத்திருக்கிறேன். இறந்துபோன அவர் மனைவிக்கும் மூன்று பெயர்கள் வைத்துப் பார்த்தேன். எதுவும் அவரில்லை. மாதங்கி என்றே இருக்கட்டும்.

2
கொல்கத்தாவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். வேகமாகப் பரவும் வகை மார்பகப் புற்றுநோய் திரும்ப வருமா என்பதை ரத்தத்தில் உள்ள அடையாளங்களை வைத்து முன்பே சொல்ல முடியுமா என்று பார்க்கிறோம். சிகிச்சை முடிந்தவர்களிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து உறையவைப்போம். எல்லாக் குழாய்களையும் கடைசியில் ஒன்றாகத்தான் சோதிப்போம்.

லேக் கார்டன்ஸிலிருந்து வந்த மாதங்கி கேட்டார்: "எனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுவியோன்னோ?"

"தனித்தனியா ரிசல்ட் குடுக்க மாட்டோம் மாமி."

"அப்பறம் எதுக்குக் குத்தறே?" சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

(இங்கே அந்தக் கையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.)

3
ஆறு முறை வந்தார். பிறகு முதுகுவலி. ஸ்கேனில் எலும்பிலும் ஈரலிலும் புற்றுநோய் தெரிந்தது. மூன்று மாதத்தில் போய்விட்டார்.

இந்த வருஷம் குழாய்களைச் சோதித்தோம். ஜனவரியில் எடுத்த நான்காவது குழாயிலேயே அடையாளம் இருந்தது. ஸ்கேனுக்கு எட்டு மாதம் முன்பு.

அப்போதே தெரிந்திருந்தால் அவர் பிழைத்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தகுதியில்லை. டாக்டர்களுக்கும் தெரியாது.

4
வெங்கடநாராயணன் வந்தார். "அவ குடுத்த ரத்தத்துல ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"சொல்ல அனுமதி இல்லை மாமா."

"அப்படின்னா இருக்குன்னு அர்த்தமா?"

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஃபிப்ரவரில ரொம்ப அசதியா இருக்குன்னா. நான்தான், ஒண்ணுமில்லே, பூரி கடற்கரைக்குப் போயிட்டு வந்தா சரியாப் போயிடும்னு கூட்டிண்டு போனேன்."

5
கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு: ஒன்றும் இல்லை என்று பொய் சொல்கிறேன். நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். (எழுதினேன். அவர் நம்பவில்லை.)

இரண்டாவது: சொல்லிவிடுகிறேன். அவர் (இதற்குமேல் எழுத வரவில்லை.)

நடந்தது இது. மேலிடத்தில் கேட்டேன். குடும்பத்தார் விரும்பினால் சொல்லலாம் என்றார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று அவருக்கு போன் செய்தேன்.

"நாளைக்கு வரேன்" என்றார். "வரலேன்னா, நீயா கூப்பிட்டுச் சொல்லிடாதே."

மறுநாள் வரவில்லை.

6
இன்று வந்திருக்கிறார். என் அறைக்கு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மருந்து வாங்கும் வரிசையில், கையில் சீட்டு எதுவும் இல்லாமல் நிற்கிறார். முறை வந்ததும் விலகி, மறுபடி கடைசியில் போய் நிற்கிறார். இரண்டு முறை ஆகிவிட்டது.

நான் எழுதுவதை நிறுத்துகிறேன். எழுந்துபோய் அவரைக் கூப்பிடட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.