பின் இடது ஸ்பீக்கர்

ஆறு வருடமாகத் தேடிய டிஸ்க் கைக்கு வந்த அன்று, அது என்ன டிஸ்க் என்று கேட்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனைவி பார்சலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னொண்ணா?" என்றாள். அவ்வளவுதான்.

அலமாரியில் நானூற்றுச் சொச்சம் இருக்கின்றன. எல்லாம் சரவுண்ட் டிஸ்க், கேட்கிறவனைச் சுற்றி நாலு பக்கமிருந்தும் ஒலி வருகிற வகை. எல்லாம் மேற்கத்திய சாஸ்திரிய இசை, பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ரா. அறையில் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, ஐந்துக்கும் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதிலிருந்து ஓரடி நகர்ந்தாலும் இசை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். "பெட்டி அஞ்சு, உக்கார எடம் ஒண்ணு. இப்படி ஒரு பொழுதுபோக்கு உலகத்துல உண்டா?" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மானத்தை வாங்குவாள். நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவனுக்கு ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கொடுத்துவைக்க வேண்டாமா? கேட்டால் சிரிப்பாள்.

ஆனால் இந்த டிஸ்க்கை நான் எனக்காகத் தேடவில்லை. அக்காவுக்காகத் தேடினேன்.

அக்கா வயோலா வாசித்தவள். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தடித்தது, யாரும் அதைக் கவனித்துக் கேட்பதில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் இருந்தாள். இரண்டு வயலின், இரண்டு வயோலா, ஒரு செல்லோ. ஒரு அரங்கத்தில், ஆட்கள் முன்னிலையில், ஒரே ஒரு முறை வாசித்ததைப் பதிவு செய்தார்கள். அதன் மெதுவான பகுதியில் ஐவரும் நிறுத்தி, ஒரு நீண்ட மௌனம் வரும். மௌனம் முடிந்ததும் இரண்டு வயோலாவும் ஒரே சுரத்தில் ஒன்றாக நுழைய வேண்டும். அன்று ஒரு வயோலா ஒரு எண்ணிக்கை முந்திக்கொண்டது. மௌனத்துக்கு நடுவில், நட்ட நடுவில். ஊரே கேட்டது.

முதல் வயலின்காரர்தான் குழுவுக்குத் தலைவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் மீசை. கச்சேரி முடிந்ததும் மீசை நேராக அக்காவைப் பார்த்துக் கை நீட்டினார். அக்கா, "நான் இல்ல" என்றாள். இன்னொரு வயோலாக்காரியும், "நான் இல்ல" என்றாள். மறுவாரம் அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்தில் குழுவே கலைந்தது, அது வேறு விஷயம். அக்கா அதற்கப்புறம் மேடை ஏறவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள். அந்த இன்னொருத்தியின் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "பக்கத்து நாற்காலி" என்பாள்.

எல்லோரிடமும் இருக்கிற சாதாரண ஸ்டீரியோ டிஸ்க்கில் இரண்டு வயோலாவும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு ஒலிக்கும். யார் முந்தியது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அக்கா அதை எத்தனை நூறு முறை கேட்டிருப்பாளோ. கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒருவேள நான்தானோ என்னமோடா" என்று ஒரு நாள் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றவர்கள் பழி போடலாம். தன் மேலேயே சந்தேகம் வந்து ஒருத்தி காலம் முழுக்க உட்கார்ந்திருப்பதா?

அந்தப் பதிவுக்கு ஒரு சரவுண்ட் டிஸ்க்கும் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். ஐந்து பேரையும் வட்டமாக உட்காரவைத்து நடுவில் மைக் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஸ்பீக்கர். சில நூறு பிரதிதான் போட்டார்கள், பிறகு கம்பெனியே மூடிவிட்டது. நான் எழுதாத கடிதம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. வந்ததும் முதலில் கூடவே இருந்த சிறு புத்தகத்தைப் பிரித்தேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று படம் போட்டிருந்தது. முன்னால் இரு பக்கமும் வயலின், நடுவில் செல்லோ. பின் வலதில் அந்தப் "பக்கத்து நாற்காலி". பின் இடதில் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். அவளை நடு நாற்காலியில் உட்காரவைத்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

"மொதல்ல இருந்து போடேன். நான் வாசிச்சத இப்படித் தனியா கேட்டதே இல்ல."

"அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்க்கா. மொதல்ல விஷயத்த முடிப்போம்."

ஆறு வருடம் காத்திருந்தவனுக்கு இருபது நிமிடம் காத்திருக்க முடியவில்லை. நேராக அந்த மௌனத்துக்குப் போனேன்.

மௌனம். அப்புறம் அந்த முந்திய சுரம். இடப்பக்கம், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, தெள்ளத்தெளிவாக.

மறுபடி போட்டேன். இடப்பக்கம். மூன்றாவது முறை போட்டேன். இடப்பக்கம்.

"போதும்டா" என்றாள் அக்கா. "நான்தான்."

ஒரு எண்ணிக்கைதானே, யாருக்கும் நடக்கும் என்று என்னென்னவோ உளறினேன். அவள் டீயைக்கூடத் தொடாமல் கிளம்பினாள். வாசலில் என் கன்னத்தைத் தட்டி, "பாவம், நீ எவ்வளவு அலைஞ்ச" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

"நல்லா இருந்த மனுஷியக் கூப்பிட்டு உக்கார வச்சு அழவிட்டுட்டீங்க" என்றாள் மனைவி.

"அவ எங்க அழுதா?"

"அழக்கூட முடியாமப் போனாளே, அதத்தான் நானும் சொல்றேன்."

இரண்டு நாள் அந்த அறைப்பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே எட்டுப் பேர், வெளியே அவர்களைவிடச் சத்தமாக மேனேஜர். எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு உலகத்தின் மேலேயே வெறுப்பு. அந்த டிஸ்க்கின் மேல் இன்னும் வெறுப்பு. அப்படி என்னதான் வாசித்திருக்கிறார்கள் என்று, ஒரு ஆத்திரத்தில், முதலிலிருந்து போட்டேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. வலப்பக்கம் யாரோ மூக்கால் மூச்சு இழுத்தார்கள்.

அந்த மூச்சை எனக்குத் தெரியும். நானும் அக்காவும் வளர்ந்தது ஒரே அறையில். நான் பரீட்சைக்குப் படிக்கும்போது அவள் ஜன்னலோரம் சாதகம் செய்வாள். வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு மூச்சு இழுப்பாள். வேண்டாம் என்று நான் கத்தியிருக்கிறேன், தலையணையை எறிந்திருக்கிறேன். இப்போது அது பின் வலது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அவள் இருக்க வேண்டியது இடது.

எழுந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டுப் பார்த்தேன். வயரில் என் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டியிருந்தது. இடது. வலது. போன மாதம் அறைக்குப் பெயின்ட் அடித்தபோது எல்லாவற்றையும் கழற்றி மாட்டியது நான்தான். சீட்டு ஒட்டும்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றேன்? பின்சுவரைப் பார்த்து. சுவரைப் பார்த்து நிற்கிறவனின் இடக்கை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வலக்கை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது "இடது வயரைக் கழட்டு" என்றால் உடனே கழற்ற மாட்டோம். "யாரு பார்த்த இடது?" என்று கேட்போம். உள்ளே நிற்கிறவனுக்கு ஒரு இடது, வெளியே நிற்கிறவனுக்கு ஒரு இடது. இருபத்து மூன்று வருடமாக நானே எத்தனை பேரை இதற்காகக் காய்ச்சியிருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் புத்தியைக் கடன் கொடுத்துவிட்டேன். மாட்டியதும் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். சரியான சத்தம்தானா என்று பார்க்கவில்லை. அதன் பிறகு கேட்டதெல்லாம் ஆர்கெஸ்ட்ரா. அதில் பின் ஸ்பீக்கரில் அரங்கத்தின் எதிரொலியும் நாலு பேர் இருமலும்தான் வரும். இருமல் எந்தப் பக்கம் வந்தால் யாருக்குத் தெரியும்?

வயரை மாற்றி மாட்டி, அந்த இடத்தைப் போட்டேன். மௌனம். முந்திய சுரம் வலப்பக்கம். அதற்குப் பிறகுதான் இடப்பக்கம் அந்த மூச்சு, அதன் பின்னால் அக்கா, எண்ணி வைத்தாற்போல் சரியான நேரத்தில்.

உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, நீ இல்ல. நீ இல்லவே இல்ல. வயர நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன். முந்தினது பக்கத்து நாற்காலிதான்."

போனைக் காதோடு இறுக்கிக்கொண்டேன்.

"கேக்குதா?"

"கேக்குது" என்றாள். "நிச்சயமா?"

"சத்தியமா."

மெல்ல அழுதாள். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் நேத்தே அவளுக்குப் போன் பண்ணிட்டேன்டா" என்றாள்.

"எவளுக்கு?"

"அவளுக்குத்தான். நான்தான் முந்தினேன், உன்ன சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டேன்."

"அதனால என்ன. மறுபடி போன் பண்ணி உள்ளத சொல்லு."

"அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாடா. அப்புறம் சொல்றா, ஒருவேள நான்தானோன்னு இத்தன வருஷமா நெனச்சு நெனச்சு வாசிக்கிறதையே விட்டுட்டேன்னு. வயோலாவையே யாருக்கோ குடுத்துட்டாளாம். இப்ப மறுபடி ஒண்ணு வாங்கப் போறாளாம். அவகிட்ட போயி, இல்ல, நீதான்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா. சொல்லு."

"அந்த சந்தேகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். என்னால முடியாது."

"அப்ப ஒம் பேரு?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. போதும்." மறுபடி மூக்கை உறிஞ்சினாள். "அவளுக்குத் தன் காதால கேக்கணுமாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன். வயர பழையபடியே மாட்டி வைடா."

நான் கத்தினேன். அந்த வாரம் முழுவதும் போனில் கத்தினேன். உனக்கென்ன பைத்தியமா என்றேன், என்னால் பொய்யாக மாட்ட முடியாது என்றேன். ஐந்து ஸ்பீக்கரையும் அளவு நாடா வைத்து அளந்து நிறுத்தினவனிடம் கேட்கிற காரியமா இது? அக்கா ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாட்டிடுவல்ல?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டியிட்டு, நன்றாகத் தெரிந்தே, தப்பாக மாட்டினேன்.

பக்கத்து நாற்காலி குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்தாள். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அவளுக்குப் பின்னால் நின்றாள். அந்த இடத்தை மட்டும் மூன்று முறை போட்டேன்.

"இடப்பக்கம்தான்" என்று கண்ணைத் திறந்தாள். முகமே மாறியிருந்தது, பத்து வயது குறைந்த மாதிரி. எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லம்மா, விடு. ஆனா அன்னைக்கே ஒத்துக்கிட்டிருந்தா குழு ஒடஞ்சிருக்காது. நானும் வாசிச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

சமையலறையில் மனைவி ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

"ஆமா. தப்புதான்" என்றாள் அக்கா.

"சரி, தம்பி, மொதல்ல இருந்து போடுங்களேன். முழுசாக் கேட்டுட்டுப் போறேன்."

அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. முதலிலிருந்து போட்டால் அரை நிமிடத்தில் இவளுக்குத் தன் வயோலா எந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு வேண்டியதும் அதுதான். ரிமோட் கையில் இருந்தது, கட்டை விரல் பொத்தானின் மேல் இருந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டாம், அழுத்தினால் போதும். அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் செய்த எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் பழி ஏற்றுக்கொண்டவள், அந்த வாரம் வரை என்னிடம் எதையும் கேட்காதவள், இப்போது கண்ணாலேயே மறுபடி கேட்டாள்.

"ஓடாதுங்க" என்றேன். "டிஸ்க்குல கீறல். இந்த எடம் மட்டும்தான் ஓடும்."

எங்களைப் போலச் சேகரிக்கிறவர்கள் எதில் பொய் சொன்னாலும் டிஸ்க்கின் நிலைமையில் சொல்வதில்லை. தலைமுடி கனத்தில் ஒரு கோடு இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

"அடடா. ஆறு வருஷம் தேடி வாங்கினதா இவ சொன்னாளே?"

"ஆமா."

"நல்லாப் பாத்து வாங்கியிருக்கக் கூடாதா தம்பி?"

டிஸ்க்கை வெளியே எடுத்தேன். ஒரு தூசி இல்லை, பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் பார்ப்பதற்குள் உறையில் போட்டு மூடினேன்.

"ஏமாந்துட்டேன்" என்றேன்.