முன் அச்சுக்கு வைத்த தோய்ச்சல்

லாரி கவிழ்ந்த இடத்தில் யாகப்பன் முதலில் பார்த்தது தம்பியைத்தான். அடுத்துப் பார்த்தது முன் அச்சை. வண்டியை ஓட்டி வந்த தம்பி மரியதாசின் வலது கால் வண்டிக்கு அடியில் இருந்தது. முன் அச்சு பின்பக்கமாக மடிந்து, நாய் காலை இடுக்கிக்கொண்டு படுத்தாற்போல எஞ்சினுக்குக் கீழே போயிருந்தது. தடத்துக்குக் குறுக்கே புதிதாக வெட்டிய பள்ளம். அதன்மேல் பரப்பியிருந்த கரும்புச் சோகை இன்னும் வாடக்கூட இல்லை.

பள்ளத்தை வெட்டியது யார் என்று கரியமாணிக்கம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சிங்காரவேலுவுக்கு மாட்டுவண்டிகள் நிறைய. அந்தப் பக்கத்து வெல்லம் முழுக்க அவற்றில்தான் கிருமாம்பாக்கம் மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. சாலை வழியாகப் போனால் நடுவில் பிரிட்டிஷ்காரன் மண் ஒரு துண்டு குறுக்கிடும். சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் குத்திப் பார்ப்பார்கள். கோடையில் வற்றிய ஏரிக்குள் இறங்கிப் போனால் கடைசிவரை பிரெஞ்சு மண்தான். அந்த ஏரித் தடத்தில் யாகப்பன் தன் சின்ன லாரியை விட்டதும் மாடுகள் சும்மா நின்று தவிடு தின்னத் தொடங்கின.

பஞ்சாயத்தில் சிங்காரவேலு, "தண்ணி போறதுக்கு வாய்க்கா வெட்னேன். கண்ணு தெரியாம ஓட்னா நானா பொறுப்பு?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மரியதாசின் காலைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

யாகப்பன் சைகோனில் பட்டாளத்து லாரி ஓட்டிவிட்டு வில்லியனூர்ப் பக்கம் திரும்பி வந்தவன். அவன் சிங்காரவேலுவின் வைக்கோல் போரைக் கொளுத்தவில்லை. ஆள் வைத்து அடிக்கவும் இல்லை. அதே தடத்தில் அதே லாரியை மறுபடி ஓட்டுவது, ஒரு மூட்டை வெல்லம்கூட அந்த ஆளின் வண்டியில் ஏறாமல் செய்வது என்று முடிவு செய்தான். அதற்கு முன் அச்சு ஏன் மடிந்தது என்று தெரிய வேண்டும்.

கொல்லர் தங்கவேலின் பட்டறையில் உட்கார்ந்து அதைத்தான் சாம்பலில் கோடு போட்டுக் காட்டினான். முன் அச்சு என்பது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் கிடக்கும் ஓர் இரும்புச் சட்டம். வண்டியின் பாரம் வில்லு என்கிற ஸ்பிரிங் பட்டைகள் வழியாக அதன் நடுவில் வந்து உட்காரும். அச்சின் இரு முனையிலிருந்தும் இரண்டு கம்பிகள் பின்னால் ஓடி, எஞ்சினுக்கு அடியில் ஓரிடத்தில் கூடும். அச்சு பின்னால் போகாமல் அவைதான் உதைத்து நிறுத்துகின்றன. ஆனால் இந்த வண்டியில் அந்தக் கம்பிகள் அச்சின் மேல்புறத்தில் மட்டும் பிடித்திருந்தன. சக்கரம் பள்ளத்து விளிம்பில் முட்டி நிற்கும். வண்டியோ முன்னால் தள்ளும். மேல்புறத்துக்குப் பிடிமானம் உண்டு, கீழ்ப்புறத்துக்கு இல்லை. எனவே அச்சு சுழன்று உள்ளே மடிந்தது.

"அப்ப கீழயும் ஒரு ஜோடி கம்பி குடுத்துட்டா?" என்றார் தங்கவேல்.

"குடுப்போம். அச்சையும் மாத்துவோம். புதுச்சேரியில ஒடைச்சிப் போட்ட பட்டாளத்து லாரியோட அச்சு ஒண்ணு கெடைச்சிருக்கு. தடியானது. ஆனா ரெண்டு முனையையும் நம்ம சக்கரத்துக்கு ஏத்தாப்ல வளைக்கணும்."

வளைப்பதில்தான் கோளாறு வந்தது. தங்கவேல் ஒரு முனையைச் செக்கச்செவேலென்று காய்ச்சி அழகாக வளைத்தார். வளைத்த கையோடு, யாகப்பன் வாயைத் திறப்பதற்குள், அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டார். வாழ்நாளெல்லாம் ஏர்க்கொழு அடித்த கை அது. கொழுவைக் காய்ச்சினால் தோய்ச்சல் வைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் மண்ணில் தேய்ந்து மழுங்கிப் போகும்.

யாகப்பன் அந்த முனையைக் கல்மேல் வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போட்டான். கற்கண்டு மாதிரி உடைந்தது.

"கொழு மண்ணோட தேயுது, அதுக்குக் கடினம் வேணும்," என்றான். "அச்சு உதை வாங்குது. உதை வாங்குறது கொஞ்சம் வளைஞ்சி குடுக்கணும். வளையத் தெரியாதது ஒடஞ்சிடும்."

தங்கவேல் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இன்னோர் அச்சு தேடி வாங்கி வந்தார்கள். இந்தத் தடவை காய்ச்சி வளைத்ததும் உமிச் சாம்பலில் புதைத்து, தானாக ஆறும்வரை தொடவில்லை. சம்மட்டியால் அடித்தபோது நசுங்கியது, உடையவில்லை. கீழ்ப்புறம் உதைகம்பிகளைப் பூட்டினார்கள். வில்லில் ஒரே ஒரு பட்டை கூட்டினார்கள். அதற்கு மேல் கூட்டினால் வில்லு விறைத்துப்போய் ஒவ்வோர் அடியையும் அச்சிடமே தள்ளிவிடும்.

லாரி ஏரித் தடத்தில் இறங்கியது. பள்ளங்களில் சக்கரம் துள்ளியது, அச்சு அசையவில்லை. அந்தப் பருவத்தின் பாதிக்குள் சிங்காரவேலுவின் வண்டிக்காரர்கள் கூலியில்லாமல் கள்ளுக்கடை வாசலில் உட்கார ஆரம்பித்தார்கள். மரியதாஸ் கக்கத்தில் கட்டையோடு அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவர்களைக் கடக்கும்போதெல்லாம் ஹாரனை அழுத்துவான். யாகப்பனுக்கு அந்தச் சத்தம் போதவில்லை.

சிங்காரவேலு தானும் ஒரு பழைய லாரி வாங்கினார். ஓட்டுவதற்குக் கடலூரிலிருந்து நாகராஜன் என்று ஓர் ஆளையும் பிடித்து வந்தார். நேராகத் தங்கவேலிடம் போனார். யாகப்பன் அப்போது பட்டறையில் ஓர் ஆணிக்கு வாசர் போட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் வண்டிக்குச் செஞ்சாப்ல எனக்கும் முன் அச்சு செய்யி," என்றார். பிறகு காய்ச்சி வளைத்த இரும்பு உமிச் சாம்பலுக்குப் போவதைப் பார்த்ததும் குரல் மாறியது. "இன்னாபா இது? கொழுவுக்குத் தண்ணி காட்டுவ, என் அச்சுக்கு மட்டும் சாம்பலா? ரெண்டு பேரும் கூட்டா? எனக்கு மெத்துன்னு செஞ்சி ஏரியில மடிய வைக்கப் பாக்கறீங்களா?"

"இல்லீங்க, யாகப்பன் வண்டிக்கும்..." என்று தொடங்கினார் தங்கவேல்.

"நீ சும்மா இரு. டேய் யாகப்பா, உன் மாதாமேல ஆணையா சொல்லு. தண்ணி காட்னா இரும்பு கடினமாவுமா ஆவாதா?"

யாகப்பன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். தங்கவேல் அவன் முகத்தையே பார்த்தார்.

"மாதாமேல ஆணையா கடினமாவும்," என்றான் யாகப்பன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இரும்பு தொட்டிக்குள் இறங்கியபோது எழுந்த ஆவியில் சிங்காரவேலு திருப்தியாகச் சிரித்தார்.

வெற்று வண்டியாக ஊருக்குள் ஓடிய நாட்களில் அந்த அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று யாகப்பனுக்குத் தெரியும். முழுப் பாரத்தோடு ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போதுதான் ஆகும். சரிவில் வண்டி தலைகுனியும். பின்னால் இருக்கும் பாரமெல்லாம் முன் அச்சின்மேல் சாயும். பிரேக்கை மிதித்தால் இன்னும் சாயும். சரிவின் அடியில் கரடுமுரடான கல்கட்டு. அங்கே சக்கரம் முட்டும். அச்சு மடியாது, படீரென்று போகும். முன்னிருக்கையில் சிங்காரவேலு உட்கார்ந்திருப்பார். யாகப்பன் இதைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான்.

சிங்காரவேலுவின் முதல் வெல்லப் பாரம் கிளம்பிய காலையில் யாகப்பன் மரியதாசையும் ஏற்றிக்கொண்டு வெற்று வண்டியோடு ஏரிக்குள்ளிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். அப்போது கரைமேல் குலவைச் சத்தம் கேட்டது.

அந்த வீட்டு வழக்கம் அவனுக்கு மறந்தே போயிருந்தது. முதல் பாரம் கிளம்பும்போது கரும்பு வெட்டிச் சோகை உரித்த பெண்களை மூட்டைமேல் ஏற்றி, குலவையிட்டு அனுப்புவார்கள். மாட்டுவண்டியில் செய்ததை லாரியிலும் செய்திருந்தார் சிங்காரவேலு. மூட்டைகளுக்கு மேல் அமுதம், ராமாயி, இன்னும் ஏழெட்டுப் பேர். அமுதத்தின் மடியில் கைக்குழந்தை.

யாகப்பன் மிதித்த மிதியில் லாரி உறுமிக்கொண்டு கரைமேல் ஏறியது. சமதளத்தில் குறுக்கே நிறுத்தினான்.

"இறங்குங்கடி எல்லாம்! அச்சு ஒடியும்! இறங்குங்க!"

"பொறாமையப் பாருடி!" என்றாள் ராமாயி மேலிருந்து. பெண்கள் சிரித்தார்கள்.

"வஞ்சம் வச்சவன் பேச்ச எவன் கேப்பான்?" என்றார் சிங்காரவேலு. "நாகராஜா, ஓரமா வுட்டு எறக்கு. இவன் வழிமறிச்சா நான் நிக்கணுமா?"

நாகராஜன் வண்டியை ஒதுக்கிச் சரிவின் பக்கம் திருப்பினான். இன்னும் ஒரு வண்டி நீளம். அதற்குள் இறக்கம் வந்துவிடும். பேசி ஆகாது. யாகப்பன் பேச்சை நம்ப அங்கே யாருமே இல்லை, அதற்கு அவன்தான் காரணம். யாகப்பன் கியரைப் போட்டு, தன் முன்சக்கரத்தைக் கொண்டுபோய்ச் சிங்காரவேலுவின் முன்சக்கரத்தில் நேராக முட்டினான்.

பெரிய வேகம் இல்லை. மாடு முட்டுகிற அளவுதான். யாகப்பனின் அச்சு ஒரு முனகல் முனகிற்று. எதிரே படீரென்று ஒரு சத்தம். சிங்காரவேலுவின் லாரி இடது முழங்காலை மடித்ததுபோல் சாய்ந்து, மண்ணில் மூக்கைக் குத்தி அப்படியே நின்றது. மேலிருந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அலறினார்கள். யாரும் விழவில்லை.

அமுதம் குழந்தையோடு இறங்கி வந்து, ஒரு கை மண்ணை வாரி யாகப்பன் முகத்தில் எறிந்தாள். "புள்ள இருக்குதுன்னு தெரிஞ்சும் முட்றியேடா, பாவி! உன் குடும்பம் வெளங்குமா?"

சிங்காரவேலுவின் வாய் கோணியிருந்தது. வெல்லத்துக்கு மண்டியில் ஆட்கள் காத்திருந்தார்கள். மாடுகளை அவர் போன வாரமே விற்றிருந்தார். "தீத்துக்கினியாடா? இப்ப திருப்தியா?"

"தீத்துக்கினேன்," என்றான் யாகப்பன். அச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன்மேல் மிரட்டல், வழிமறிப்பு என்று போலீசில் எழுதி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் மனசு ஒரு கணம் இனித்தது.

வண்டியைப் பின்னெடுத்துத் திரும்பினான். பக்கத்தில் மரியதாஸ் உடைந்த அச்சையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"தண்ணி காட்னதா அது?"

"ஆமா."

"உனுக்கு முன்னமே தெரியும்."

"தெரியும்."

"பொம்பளைங்க ஏறாம இருந்திருந்தா?"

யாகப்பன் தடத்தைப் பார்த்தான். "வுட்டிருப்பேன். உன் காலுக்கு அந்தாளு உசுரு."

மரியதாஸ் தன் கட்டையை எடுத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"நாகராஜன் இன்னா பண்ணான்ணே? கூலிக்கு ஓட்றவன். அன்னைக்கு நானும் அப்படித்தானே ஓட்டிக்கினு வந்தேன்."

யாகப்பன் அந்த லாரியின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த ஆளை இத்தனை நாளும் கணக்கில் வைக்கவே இல்லை. பிரேக்கை மிதித்து லாரியை நிறுத்தினான். பின்னால், கரைமேல், நாகராஜன் ஒருவன் மட்டும் மண்டியிட்டு உடைந்த அச்சுக்கு அடியில் கல் கொடுத்துக்கொண்டிருந்தான்.